எடை பார்க்கும் நாள்

இது அவள் கணவனின் ஐந்தாவது கடைசிக் குத்துச்சண்டை. முதல் கடைசிச் சண்டைக்கு அவள் அழுதாள். இரண்டாவதுக்கு உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னாள். மூன்றாவது முடிந்த மறுநாள் மகள் கேக் வாங்கிவந்து வெட்டினாள். அதில் 'ஓய்வு வாழ்த்துகள்' என்று எழுதியிருந்தது. நான்காவதுக்கு "சரி" என்று மட்டும் சொன்னாள். பத்து நாளைக்கு முன்பு கணவன் ஐந்தாவதைப் பற்றிச் சொல்ல வந்தபோது அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"இதான் கடைசி" என்றான் அவன்.

"யாருக்கு? உங்களுக்கா, எனக்கா?" என்று கேட்டுவிட்டுக் குக்கர் மூடியை எடுத்துத் தேய்த்தாள்.

இன்று எடை பார்க்கும் நாள். மாலை நான்கு மணிக்கு ஊர் நடுவில் இருக்கும் பெரிய ஹோட்டலின் மண்டபத்தில் அவன் தராசில் ஏற வேண்டும். அறுபத்து மூன்றரை கிலோ. அதற்கு மேல் நூறு கிராம் இருந்தாலும் சண்டை கிடையாது. சண்டை நாளை. யாரோ ஒருவனுக்குக் கை முறிந்துபோய், அவன் இடத்துக்கு அவசரமாக ஆள் தேடி, இவனைக் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிட்ட அன்றைக்கு இவன் எழுபது கிலோ. முப்பத்தேழு வயதில் பத்து நாளில் ஆறரை கிலோவைக் கரைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. உப்பில்லாத கஞ்சி, அவித்த காய், அதற்குப் பிறகு அதுவும் இல்லை. நேற்று மத்தியானத்திலிருந்து தண்ணீரும் இல்லை. மிச்சமிருந்ததை வியர்வையாக வெளியே தள்ளத்தான் இன்று அவள் வேலை செய்யும் சலவை நிலையத்துக்கு வந்திருந்தார்கள்.

சலவை நிலையத்துக்கு வார விடுமுறை. பதினோரு வருஷமாக அங்கே வேலை பார்த்து, இப்போது அவள் சூப்பர்வைசர். சாவி அவளிடம்தான் இருந்தது. முதலாளி சண்டைப் பிரியர். "தாராளமா வந்து காயட்டும்" என்று சொல்லியிருந்தார். துணி உலர்த்தும் கூடத்தில் ஆறு பெரிய டிரையர்கள். நான்கை வெறுமனே ஓடவிட்டுக் கதவைச் சாத்தினால் பத்து நிமிஷத்தில் அந்த இடம் அடுப்பு மாதிரி ஆகிவிடும். அதற்குள் அவள் கணவன் இரண்டு பனியன், அதன் மேல் கம்பளிச் சட்டை, அதன் மேல் ரப்பர் கோட்டு போட்டுக்கொண்டு கயிறு தாண்டிக்கொண்டிருந்தான். கயிறு தரையில் படும் சத்தம் டிரையர் இரைச்சலையும் தாண்டி வெளியே கேட்டது. அந்தச் சத்தம் சீராக வரும்போதும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. நின்று நின்று வரும்போது அதைவிட எரிச்சலாக இருந்தது.

வெளியே மடிக்கும் மேசையருகே அவள் அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பஸ் டிப்போவில் மெக்கானிக். மற்ற நேரத்தில் இவனுக்குப் பயிற்சியாளர், மேனேஜர், சண்டைக் களத்தின் மூலையில் வாளி பிடிப்பவர், எல்லாம் அவர்தான். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் இவனை வீட்டுக்குக் கூட்டிவந்து, "நல்ல பையன், குடிக்க மாட்டான்" என்று அவளுக்குக் காட்டியவரும் அவரே. குடிக்க மாட்டான் என்பது உண்மைதான். இப்போது தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

"பாப்பா, இருபது நிமிஷம் ஆச்சு. கூப்பிடு, எடை பாக்கலாம்" என்றார் அண்ணன்.

"நீயே கூப்பிடு. நான் உள்ள போனா எதாவது சொல்லிருவேன்."

எழுந்துபோய்க் கதவைத் தட்டினார். அவன் வெளியே வந்தான். ஊரில் அவனுக்கு 'மூட்டை' என்று பேர். பன்னிரண்டு வயதில் மார்க்கெட்டில் மூட்டை தூக்க ஆரம்பித்தபோது வைத்த பேர். அறிவிப்பாளர்கள் என்னென்னவோ பட்டப்பேர் வைத்துப் பார்த்தும் அதுதான் நின்றது. கோட்டைக் கழற்றியதும் கையிலிருந்து வியர்வை தரையில் கொட்டியது. அண்ணன் துண்டால் அவனைத் துடைத்து, உள்ளாடையோடு தராசின் தட்டில் ஏற்றினார். அது துணி மூட்டை நிறுக்கிற தராசு. தட்டு பெரியது, இரண்டு பேர் தாராளமாக நிற்கலாம். சுவரில் இருந்த பெட்டியில் சிவப்பு எண்கள் ஓடி நின்றன.

"அறுபத்தாறு கிலோ நூறு" என்றார் அண்ணன். "நல்லா இறங்குது மாப்ள. இன்னும் ரெண்டு அறுநூறு. மத்தியானத்துக்குள்ள முடிச்சிரலாம்."

அவன், பேசினால் வாய் உலரும் என்று பேச்சையும் மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தான். இரண்டு விரலைக் காட்டி, இரண்டு நிமிஷம் உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டான். அண்ணன் ஒரு விரலைக் காட்டினார்.

அந்தத் தராசைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அவர்கள் இருவருக்கும் தெரியாது.

நிலையத்துக்கு ஹோட்டல்களும் ஆஸ்பத்திரிகளும்தான் வாடிக்கை. விரிப்பும் துண்டும் எண்ணிக்கையில் வராது, எடையில் வரும், கூலியும் எடைக்குத்தான். வருஷத்துக்கு ஒரு முறை கவர்மென்ட் ஆபீசர் வந்து தராசைச் சோதித்து ஈய சீல் வைத்துவிட்டுப் போவார். அவர் போன மறுநாள் ஒரு எலக்ட்ரீஷியன் வருவார். அவர் போன பிறகு நூறு கிலோ துணி நூற்று மூன்று காட்டும். சீல் அப்படியே இருக்கும். அங்கே வேலை செய்யும் எல்லாருக்கும் இது தெரியும். 'நம்ம கிலோ' என்று சொல்லிச் சிரிப்பார்கள். பதினோரு வருஷத்தில் அது அவர்களுக்குத் தப்பாகவே படாமல் போய்விட்டது. வெளியேயும் கிலோ என்று ஒன்று இருக்கிறது என்பதையே சில நாள் மறந்துவிடுவார்கள்.

பத்து நாளைக்கு முன்பு, எங்கே எடை பார்ப்பது என்ற பேச்சு வந்தபோது, வீட்டிலிருந்த சின்ன மெஷினை அண்ணன் ஒரேயடியாக ஒதுக்கிவிட்டார். அது பாய் மேல் வைத்தால் ஒன்று, தரையில் வைத்தால் ஒன்று காட்டுகிறதாம். அவர்கள் முன்பு போய்க்கொண்டிருந்த பயிற்சிக் கூடம் மூடி மூன்று வருஷம். அங்கே இப்போது டைல்ஸ் கடை. "உங்க கம்பெனில இருக்கிறது கவர்மென்ட் சீல் வச்ச தராசு. அதைவிட சுத்தமானது எது இருக்கு?" என்றார். அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

மூடிக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய தொழிலில் எடை கூடினால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. குறைந்தால்தான் ரகளை. அனுப்பியது எண்பது, வந்தது எழுபத்தெட்டு என்று ஒரு சீட்டு வந்தால் வண்டி அப்படியே திரும்பும்; சரக்கை இறக்கவே விடமாட்டார்கள். சண்டைக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அவள் நினைத்தாள். அறுபத்து மூன்றரைக்குப் பேசியிருக்கிறார்கள். அறுபத்தொன்றரை ஆள் போய் நின்றால், இது பேசிய ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். யாரிடமும் வாக்குவாதம் இல்லாமல், யார் தலையையும் உருட்டாமல், தராசே இந்த வேலையை முடித்துவிடும். பதினெட்டு வருஷத்தில் அவள் எடை பார்க்கும் இடத்துக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. சண்டைக்கு ஒரே ஒரு தடவை போனாள். மூன்றாவது ரவுண்டில் எழுந்து வெளியே வந்து, ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

மறுபடியும் கயிறு சத்தம் கேட்டது. சும்மா உட்கார அவளுக்கு வரவில்லை. கிழிந்த தலையணை உறைகள் ஒரு கூடை கிடந்தன. மெஷின் முன்னால் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாள்.

அண்ணன் வாய் ஓயவில்லை. எதிராளியைப் பற்றிச் சொன்னார். இருபத்திரண்டு வயதுப் பையன்; பதினொரு சண்டை, பதினொன்றும் ஜெயம்; எல்லாரையும் கீழே தள்ளியிருக்கிறான். "ஆனா மூட்டைய எவனும் தள்ளினதில்ல பாப்பா. அதான் அவங்களுக்கு வேணும். முப்பத்தொம்பது சண்டையில ஒரு தடவகூட விழுந்ததில்லன்னு போஸ்டர்லயே போட்டிருக்கான்."

"போஸ்டர்ல வேற என்ன போட்டிருக்கு? ராத்திரி எத்தன மாத்திரை போடறாருன்னு போட்டிருக்கா?"

"தலைவலி யாருக்குத்தான் இல்ல. எனக்கு இல்லையா?"

"உன்னை எவனும் குத்தலையே அண்ணே. நான்தான் குத்தாம இருக்கேன்."

விழாதவன் என்ற பேர்தான் அவனுடைய முழு வாழ்க்கையும். மார்க்கெட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பிறந்தவன். அப்பா யார் என்று அம்மா சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. உருளைக்கிழங்கு மூட்டை ஐம்பது கிலோ. பதினாலு வயதில் அதைத் தோளில் வைத்துக்கொண்டு லாரிப் பலகையில் ஏறுவான். ஐஸ் பேக்டரிக்குப் பக்கத்தில் ஒரு பயிற்சிக் கூடம் இருந்தது. அங்கே பெரிய பையன்களுக்கு எதிரே மூன்று ரவுண்டு நின்று அடி வாங்கினால் அவித்த முட்டை இரண்டு கொடுப்பார்கள். இவன் முட்டைக்காகத்தான் போனான். இதை அவனே எல்லாரிடமும் சிரித்துச் சொல்லுவான். மற்ற பையன்கள் இரண்டாவது ரவுண்டில் படுத்துவிடுவார்கள்; படுத்தால் ஒரு முட்டைதான். இவன் படுக்கவில்லை. அப்படியே பழகிவிட்டது.

அடிப்பதில் அவன் பெரிய ஆளில்லை. நிற்பதில்தான் பெரிய ஆள். அதை வைத்தே மேலே வந்தான். கல்யாணமான ஆறாவது வருஷம் பட்டத்துக்கான சண்டை கிடைத்தது. பன்னிரண்டு ரவுண்டும் நின்றான். புள்ளிக் கணக்கில் தோற்றான். டயர் கடைக்கு மேலே அவர்கள் இருக்கும் இரண்டு அறை வீடு அந்த இரவுச் சம்பளத்தில் வாங்கியது. அதற்குப் பிறகு இறக்கம்தான். குளிர்பதனக் கிடங்கில் பகல் வேலைக்குச் சேர்ந்தான். வளர்ந்துவரும் பையன்கள் தங்கள் பேருக்குப் பக்கத்தில் ஒரு பழைய பேர் வேண்டுமென்று நினைத்தால் இவனைக் கூப்பிட்டார்கள். விழுகிறவனை நடுவர் பத்து எண்ணி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். நிற்கிறவன் கடைசி மணி அடிக்கும்வரை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தச் சின்னக் கணக்கு அண்ணனுக்கும் புரியவில்லை, அவனுக்கும் புரியவில்லை, கைதட்டுகிற ஒருவனுக்கும் புரியவில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் மகளைக் கூட்டிவரப் போனவன் வெகுநேரம் வரவில்லை. மகள் தானாகவே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள். அவன் போனை எடுக்கவில்லை. அவள் தேடிக்கொண்டு போனபோது பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பள்ளிக்கூடத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தான். கேட் பூட்டியிருந்தது. கையில் ஒரு பாக்கெட் பிஸ்கட். அந்தப் பள்ளியைவிட்டு மகள் வேறு பள்ளிக்கு மாறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மனைவியைப் பார்த்ததும், "எல்லாப் பிள்ளையும் வந்திருச்சு, இவ மட்டும் வரல" என்றான். வீட்டுக்கு வந்ததும் அவள் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினான். சொன்னால் சண்டை லைசென்ஸ் போய்விடும். அவளும் சொல்லமாட்டேன் என்றாள். அப்போது அவன் மூன்றாவது, நான்காவது கடைசிகளை எல்லாம் முடித்திருந்தான்; லைசென்ஸ் இனி எதற்கு என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை.

பதினோரு மணிக்கு மறுபடி தராசு. "அறுபத்தஞ்சு நானூறு" என்றார் அண்ணன்.

தையல் மெஷினை நிறுத்தினாள். மனசுக்குள் கணக்குப் போட்டாள். இந்தத் தராசில் அறுபத்தைந்து நானூறு என்றால் வெளியே அறுபத்து மூன்றரை. முடிந்துவிட்டது. இனி அவனிடமிருந்து கரையும் ஒவ்வொரு கிராமும் அவள் பேரில்தான்.

அவன் மேசையில் சாய்ந்து நின்றான். கன்னம் ஒட்டியிருந்தது. வலது புருவத்தின் மேலிருந்த பழைய தையல் தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது. வாயில் சுவிங்கம் மென்று டப்பாவில் துப்பிப் பார்த்தான். எச்சில் நூலாக இழுத்தது, விழவில்லை.

"இன்னும் எவ்வளவு?" என்று அவளைப் பார்த்துக் கேட்டான். அண்ணனைக் கேட்கவில்லை.

"ஒண்ணு தொள்ளாயிரம்."

"அது எவ்வளவு இருக்கும்?"

எதற்கு எடை கேட்டாலும் அவளுக்குத் துணியில்தான் சொல்ல வரும். "மூணு குளியல் துண்டு" என்றாள். "காஞ்ச துண்டு."

"மூணுதானே" என்றான். சிரிக்கப் பார்த்தான். உதடு வெடித்து ரத்தம் துளிர்த்தது. அவள் துணியை நனைத்துப் பிழிந்து உதட்டில் ஒற்றினாள். துணியை எடுக்கும்போது அவன் பல்லால் அதைப் பிடித்துக்கொண்டான். ஒரு கணம் விடவில்லை. அண்ணன் பார்த்துவிட்டு, "மாப்ள, உறிஞ்சாதே. அது நூறு கிராம்" என்றார். அவன் விட்டுவிட்டான்.

சொல்லிவிடலாமா என்று அவளுக்குத் தொண்டைவரை வந்தது. சொன்னால் இப்போதே ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பான். மத்தியானம் ரெண்டு வாய் கஞ்சி சாப்பிட்டு, நாளைக்குத் தெம்பாகப் போய் நிற்பான். பன்னிரண்டு ரவுண்டுச் சண்டை இல்லை, எட்டுதான். எட்டும் நிற்பான். அந்தப் பையன் எட்டும் அடிப்பான். சொல்லாமல் இருந்தால் இன்றைக்கு ஒரு நாள் காய்வான், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவான். அவள் துணியை அலசிக் கொடியில் போட்டாள். மனிதனைக் காய வைத்துத்தான் காப்பாற்ற வேண்டியிருக்கிறதே என்று நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அவன் மேல் கொஞ்சம், அண்ணன் மேல் நிறைய, எலக்ட்ரீஷியன் மேல்கூட.

"ஏங்க, விட்டுத் தொலைங்களேன்" என்றாள். "முடியலன்னு ஒரு போன் பண்ணிச் சொல்லிரலாம். ஆள் செத்தா போயிருவாங்க?"

அவன் தலையை ஆட்டினான். வார்த்தைகளை எண்ணி எடுத்து வைப்பது மாதிரிப் பேசினான். "கிடங்குல என்னை அந்தப் பெரியவர்னு கூப்பிடறாங்க. மேடையில மட்டும்தான் பேரச் சொல்றாங்க. மைக்ல."

கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே போனான். அவள் தைத்த உறையை மறுபடி பிரித்துத் தைத்தாள்.

கடைசி மூன்று துண்டுக்கு மூன்று மணி நேரம் ஆனது. கயிறு தாண்ட முடியாமல் போனதும் அண்ணன் அவனைச் சூடான விரிப்புகளில் சுற்றித் தரையில் உட்கார வைத்தார். இரண்டு மணிக்கு இருவருமாகத் தூக்கித்தான் அவனைத் தட்டில் நிறுத்தினார்கள். அறுபத்து மூன்று நானூறு. அண்ணன் ஈய சீலை விரலால் தட்டி, "தெய்வம்டா நீ" என்று தராசைப் பார்த்துச் சொன்னார்.

ஹோட்டல் மண்டபத்தில் மேசை விரிப்புகளைப் பார்த்ததுமே அவளுக்கு அடையாளம் தெரிந்தது. எல்லாம் அவர்கள் வெளுத்தவை. மூலையில் நீல நூல் குறி. மேடையில் ஒரு தராசு. பக்கத்தில் குத்துச்சண்டை ஆணையத்து அதிகாரி காகிதக் கட்டோடு நின்றார். போட்டோக்காரர்கள் நாலு பேர். சண்டையை நடத்துகிறவர் போனில் பேசிக்கொண்டே நடந்தார். ஓரத்துப் பெஞ்சில் ஒரு ஆள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். யாராவது எடையில் தவறினால் அந்த இடத்துக்கு அவன் என்று அண்ணன் கிசுகிசுத்தார். வண்டிக்கு ஸ்டெப்னி மாதிரி. அவள் அந்த ஆளைக் கொஞ்சம் ஆசையாகவே பார்த்தாள்.

இருபத்திரண்டு வயதுப் பையன் முதலில் ஏறினான். அறுபத்து மூன்று நானூறு. கையை மடக்கிப் போட்டோவுக்கு நின்றான். பிறகு இவன். மண்டபத்தில் இருந்த வெளிச்சத்தில் விலா எலும்பு ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது. அதிகாரி எண்ணைப் படித்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி படித்தார்.

"அறுபத்தொண்ணு அறுநூறு."

பையனோடு வந்தவர்களில் ஒருவன் சிரித்தான். அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. இந்த மெஷின் தப்பு, நாங்கள் சீல் வைத்த தராசில் பார்த்துவிட்டு வருகிறோம், அந்தப் பையனையும் மறுபடி ஏற்றுங்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். அதிகாரி அவரை ஏறெடுத்தும் பார்க்காமல் தாளில் எழுதினார். "அடுத்து டாக்டர்" என்றார்.

அவள் மேடைக்கு அருகே போனாள். "ஐயா, குறையுதே" என்றாள். "ரெண்டு கிலோ குறையுதுங்களே."

"குறைஞ்சா ஒண்ணுமில்லம்மா. கூடத்தான் கூடாது."

"திருப்பி அனுப்ப மாட்டீங்களா?"

அதிகாரி முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். "எதுக்குத் திருப்பி அனுப்பணும்? ஆள் வந்திருக்காரு, சண்டை நடக்கும்."

பதினோரு வருஷமாகத் தெரிந்த ஒரே ஒரு கணக்கு தலைகீழாகப் போய்விட்டது. அவள் அங்கேயே நின்றாள். எடை மேலே போனால் இங்கே தப்பு, கீழே போனால் தப்பில்லை. அவன் எலும்பும் தோலுமாக நாளைக்கு மேடையேறுவான், விழவும் மாட்டான். இதை யாரும் செய்யவில்லை, அவளேதான் செய்தாள்.

டாக்டர் வயதான மனிதர், அவசரமாக இருந்தார். நாடி பிடித்தார், கண்ணில் வெளிச்சம் அடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார். ரொம்பக் காய்ந்திருக்கிறது, உடனே தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார். நாளைக்குள் சரியாகிவிடும் என்று அண்ணன் சொன்னார். தலைவலி உண்டா, மயக்கம் உண்டா, ஞாபக மறதி உண்டா என்று டாக்டர் தாளைப் பார்த்தே கேட்டார். அவன் இல்லை, இல்லை, இல்லை என்றான். டாக்டர் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்.

"இருக்கு" என்றாள் அவள்.

மூன்று பேரும் திரும்பினார்கள். அண்ணன், "பாப்பா, வெளிய போ" என்றார்.

"எங்க கம்பெனி தராசு பொய்யி" என்றாள் டாக்டரிடம். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "நூத்துக்கு மூணு கூடக் காட்டும். எனக்குத் தெரியும். சொல்லாம இவரக் காய வச்சிட்டேன்." சற்றுத் தள்ளி நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த ஹோட்டல் மேனேஜர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவர் கையெழுத்துப் போடும் எடைச் சீட்டுகளை அவள்தான் எழுதுகிறாள். பார்க்கட்டும் என்று விட்டாள்.

அது எடைச் சமாச்சாரம், தண்ணீர் குடித்தால் போதும் என்றார் டாக்டர்.

"அது இல்லீங்க. மகளைக் கூப்பிடப் போனவரு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி படிச்ச ஸ்கூல் வாசல்ல போய் நின்னாரு. கேட் பூட்டின பெறகும் நின்னாரு. இடது கையில டம்ளர் நிக்கறதில்ல. ராத்திரி மாத்திரை இல்லாம தூங்கறதில்ல."

மண்டபத்தில் சத்தம் குறையவில்லை. யாரோ போட்டோவுக்குச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. டாக்டரிடம் பேசினான். "என் பொண்ணு இப்ப ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து ஸ்கூல்ல பத்தாவது படிக்குது. எனக்குத் தெரியாதா? அது ஒரே ஒரு நாள் சார். அன்னைக்குத் தூக்கக் கலக்கம்."

"அப்ப, நடந்தது உண்மைதான்" என்றார் டாக்டர்.

டாக்டர் பேனாவை மூடினார். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட முடியாது, எடுத்தால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும் என்றார். அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. சண்டையை நடத்துகிறவர் வந்து ஒரு நிமிஷம் கத்தினார். பிறகு பெஞ்சைப் பார்த்துக் கையைக் காட்டினார். கால்மேல் கால் போட்டிருந்த ஆள் எழுந்து சட்டையைக் கழற்றினான். இரண்டு நிமிஷத்தில் அவன் போட்டோவுக்கு நின்றான்.

அண்ணன் பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார். இரண்டு பாட்டில் தண்ணீரும் ஒரு பொட்டலம் உப்பும் வாங்கிக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடி என்று அவனிடம் மட்டும் சொல்லிவிட்டு எதிர்ப்பக்கத்து பஸ்ஸில் ஏறிப் போனார். வெயில் இறங்கியிருந்தது. அவன் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து வாய் வாயாகக் குடித்தான். ஒவ்வொரு வாய்க்கும் தொண்டை ஏறி இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் பஸ் வந்தது. அவன் எழுந்திருக்கவில்லை. அவளும் எழுந்திருக்கவில்லை.

"சத்தியம் பண்ணின இல்ல" என்றான்.

"பண்ணினேன்."

"தலையில கை வச்சு."

"அந்தத் தலைக்காகத்தான்யா சொன்னேன். விடு."

கோபம் மிஞ்சினால்தான் அவளுக்கு 'யா' வரும், மரியாதை போகும். அவன் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. அந்த ஸ்டெப்னி ஆள் ரெண்டாவது ரவுண்டிலேயே விழுந்துவிடுவான் என்றான். விழட்டும், விழுந்தால் எழுந்து வீட்டுக்குப் போவான் என்றாள். தான் விழுந்திருக்க மாட்டேன் என்றான். முதலாளிக்குச் சங்கதி இந்நேரம் எட்டியிருக்கும். நாளைக்குச் சாவியைக் கொடுக்கச் சொல்வார்கள் என்று நினைத்தாள்.

இரண்டாவது பஸ்ஸும் போனது. பாட்டில் காலியாகியிருந்தது.

"எப்பலேருந்து மறைச்ச?" என்று கேட்டான்.

"எது?"

"தராசு."

"பத்து நாளா."

அவன் அதை யோசித்தான். பத்து நாளைத் திரும்ப ஒவ்வொன்றாகப் பார்க்கிறவன் மாதிரி, உதடு அசைந்தது. மூன்றாவது பஸ் வந்ததும் அவளுக்கு முன்னால் ஏறினான். ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்துக்கொண்டான். அவள் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். கண்டக்டர், பையை எடுங்க, அம்மா உக்காரட்டும் என்றார். அவன் எடுக்கவில்லை. அவளே பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே நனைந்த ரப்பர் கோட்டு, புடவை நனைந்தது. அவன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

மூன்று நிறுத்தம் கடந்த பிறகு கண்ணாடியைப் பார்த்தே பேசினான்.

"ரெண்டு கிலோ முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல."